கைப்பழக்கமும் கட்சி கட்டலும்: கணினிப் பயனர்களின் சார்புணர்வு குறித்து

கணினியின் வன்பொருளுக்கும் அதில் வேலை செய்பவருக்கும் இடையே நின்று, கோப்புகளைச் சேமிப்பது, திரையில் எழுத்தைக் காட்டுவது, ஒரே நேரத்தில் பல செயலிகளை இயக்குவது போன்ற அடிப்படைப் பணிகளை ஒழுங்குபடுத்தும் மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகியவை இவ்வகையில் பலரும் அறிந்தவை. தையல் எந்திரமோ மின்விசிறியோ வாங்கிய ஒருவர், பக்கத்து வீட்டார் வேறு நிறுவனத்தின் பொருளை வாங்கிவிட்டார் என்பதற்காக மனம் வருந்துவதில்லை. கணினியோ, பயன் கருதி வாங்கப்படும் கருவியாக இருந்தும், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் பயனர்களை அணி அணியாகப் பிரித்து வந்திருக்கிறது. இதை விளம்பரத்தின் மயக்கம் என்றோ வீண் வீம்பு என்றோ ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இந்த அணிகளின் வரலாற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பற்றுக்கு அடியில் இரண்டு உண்மையான காரணங்கள் கிடப்பது தெரியவரும். கருவியைக் கற்பதற்குப் பயனர் செலவிட்ட, திரும்பப் பெற முடியாத உழைப்பு அவற்றுள் ஒன்று. தாம் நம்பியிருக்கும் கருவி நாளைக்கு இருக்குமா என்பது, முன்பின் தெரியாத பிறர் எதை வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது என்னும் அச்சம் மற்றொன்று.

முதற்காரணத்தை விசைப்பலகையின் மேலேயே பார்க்கலாம். மேக் கணினியில் ஒரு வரியை நகலெடுக்க, இடைவெளிக் கட்டையை ஒட்டியுள்ள 'கமாண்ட்' விசையைக் கட்டைவிரலால் அழுத்தியபடி 'சி' விசையைத் தட்ட வேண்டும். விண்டோஸில் அதே வேலைக்கு விசைப்பலகையின் இடக்கோடியில் இருக்கும் 'கண்ட்ரோல்' விசையைச் சுண்டுவிரல் தேடிப் போகிறது. சாளரத்தை மூடும் பொத்தான் ஒன்றில் இடப்பக்க மேல்மூலையிலும் மற்றதில் வலப்பக்க மேல்மூலையிலும் இருக்கிறது. கட்டளைப் பட்டியல் மேக்கில் எப்போதும் திரையின் உச்சியில் ஒரே இடத்தில் நிற்க, விண்டோஸில் அது பெரும்பாலும் அந்தந்தச் சாளரத்தின் தலைமேல் அமர்ந்திருக்கிறது. ஒன்றில் பல்லாண்டு பழகியவர் மற்றதன் முன் உட்காரும்போது, அவருடைய கை அவரைக் கேளாமலே பழைய மூலைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்புகிறது. ஒரே நாளில் மீண்டும் மீண்டும் நேரும் இந்தத் தடுமாற்றம், தேர்ந்த பணியாளர் ஒருவரை அவருடைய சொந்த மேசையிலேயே கற்றுக்குட்டியாக்கிவிடுகிறது. அப்போது அவர் எதிரிலுள்ள கணினியைக் குறை சொன்னாலும், அவரை உண்மையில் வருத்துவது தம் திறமை கைநழுவிப் போன உணர்வே.

ஒரு கருவியை விட்டு மற்றொன்றுக்குப் போகும்போது விலைக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும் நேரம், பயிற்சி, இழப்பு ஆகியவற்றைப் பொருளியலாளர் மாற்றச் செலவு என்பர். இத்தகைய செலவுகள் எவ்வளவு நீண்ட காலம் ஒரு சமுதாயத்தைக் கட்டிப்போடும் என்பதற்கு எடுத்துக்காட்டாக, அமெரிக்கப் பொருளியலாளர் பால் டேவிட் 1985இல் எழுதிய கட்டுரையில், 1870களில் தட்டச்சுப் பொறிக்காக உருவான ஆங்கில விசை வரிசையை ஆராய்ந்தார். தொடக்கத்தில் நேர்ந்த ஒரு தேர்வு பின்வரும் எல்லாத் தேர்வுகளையும் தன் வழியில் இழுத்துச் செல்வதைக் குறிக்கும் 'பாதைச் சார்பு' என்ற கருத்து அதன்பின் பெரிதும் பரவியது. அவ்வரிசை உண்மையிலேயே தாழ்ந்ததுதானா என்று பின்னர் மறுப்பு எழுந்தது உண்மை. எனினும் பழகிய விரல்கள் புதிய வரிசையை எளிதில் ஏற்பதில்லை என்பதில் ஐயமில்லை.

தமிழில் இதற்கு இன்னும் தெளிவான சான்று உண்டு. தட்டச்சுப் பயிலகங்களில் இளநிலை, முதுநிலைத் தேர்வு எழுதித் தேறியவர்கள் பழைய தட்டச்சு வரிசையையும், 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி ஏற்கப்பட்ட, உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்களைப் பெரும்பாலும் வலக்கைக்கும் ஒதுக்கும் 'தமிழ்99' வரிசையில் பழகியவர்கள் அதையும், ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்துத் தமிழைத் தட்டுகிறவர்கள் அந்த முறையையும் விடாப்பிடியாகப் பற்றி நின்று, எது சிறந்தது என்று இன்றும் வாதாடுகிறார்கள். இங்கே ஆதாயம் தேடும் பெருநிறுவனமும் இல்லை. கோடிகளைக் கொட்டிச் செய்த விளம்பரமும் இல்லை. 1976இல் தோன்றிய வி.ஐ., ஈமேக்ஸ் என்னும் இரண்டு உரைத்தொகுப்பிகளுக்கு, அதாவது நிரல் எழுத உதவும் செயலிகளுக்கு, நிரலாளரிடையே இன்றளவும் தொடரும் வழக்கும் இப்படிப்பட்டதே. அவ்விரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. ஆகவே, பற்று முழுவதும் விளம்பரத்தால் விளைந்தது என்ற விளக்கம் நிற்காது.

உளவியலார் தரும் விளக்கங்கள் இதைவிட ஆழமானவை. அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரெம் 1956இல் வெளியிட்ட ஆய்வில், ரொட்டி வாட்டும் கருவி போன்ற எட்டு வீட்டுப் பொருள்களைப் பெண்களிடம் காட்டி மதிப்பிடச் சொல்லி, பிறகு இரண்டில் ஒன்றைத் தேர்ந்து எடுத்துக்கொள்ளும்படி கூறினார். தேர்ந்த பிறகு மறுபடி மதிப்பிட்டபோது, எடுத்துக்கொண்ட பொருளின் மதிப்பு அவர்கள் கண்ணில் உயர்ந்தும் விட்டுவிட்ட பொருளின் மதிப்பு தாழ்ந்தும் போயிருந்தது. தாம் செய்த தேர்வும் தம் ஐயங்களும் மோதும்போது உண்டாகும் மன நெருடலை, தேர்வுக்கு ஏற்பக் கருத்தை மாற்றிக்கொண்டு மனிதர் தணித்துக்கொள்கிறார்கள் என்பது, 1957இல் லியோன் பெஸ்டிங்கர் நூலாக விரித்துரைத்த அறிதல் முரண்பாட்டுக் கோட்பாட்டின் சாரம்.

அணி சேர்வதைப் பற்றிய ஆய்வுகளுள் ஹென்றி தாஜ்பெல் செய்தவை முதன்மையானவை. போலந்து நாட்டு யூதரான அவர், இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, போர் முடிந்து வந்தபோது தம் குடும்பத்தார் கொல்லப்பட்டிருக்கக் கண்டவர். மனிதர் ஒருவரையொருவர் அயலாராகக் கருதத் தொடங்குவது எப்படி என்ற கேள்வி அவருக்கு வெறும் ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. 1970இல் வெளியான ஆய்வுகளில் அவர் பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவர்களை, திரையில் மின்னிய புள்ளிகளைக் கூடுதலாக எண்ணியவர், குறைவாக எண்ணியவர் என்றும், கிளே, காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களுள் ஒருவரை விரும்பியவர் என்றும் பொருளற்ற அடிப்படைகளில் பிரித்து, பிற மாணவர்களுக்குச் சிறு தொகைகளைப் பங்கிடச் சொன்னார். அந்தப் பங்கீட்டில் தமக்கென்று எதுவும் கிடைக்காதபோதும் அவர்கள் தம் அணிக்கு அதிகம் தந்தார்கள். அத்துடன், தம் அணிக்குக் கிடைக்கக்கூடிய மொத்தத் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, எதிரணியைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்றும் பலர் முடிவு செய்தார்கள்.

இந்த இரண்டு விளக்கங்களும் மனித மனத்தைப் பற்றி உண்மையையே கூறுகின்றன. ஆனால் கணினியைப் பற்றிய கேள்விக்கு இவை மட்டும் போதா. பிரெம் கையாண்டவை வீட்டுப் பொருள்கள். அவற்றைப் பெற்ற பெண்கள் தம் தேர்வைச் சற்று உயர்த்தி மதிப்பிட்டதுடன் நின்றார்கள். ரொட்டி வாட்டும் கருவிக்காக எந்த ஊரிலும் கட்சி கட்டப்படவில்லை. கணினிக்கு மட்டும் இது நேர்ந்ததற்குத் தனிக்காரணம் வேண்டும். அதைப் பொருளியலில்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஒரு பொருளைப் பயன்படுத்துவோர் கூடக்கூட, அதை ஏற்கெனவே வைத்திருப்பவருக்கும் அதன் பயன் கூடுவதை வலைப்பின்னல் விளைவு என்பர். மைக்கேல் காட்ஸ், கார்ல் ஷப்பிரோ ஆகியோர் 1985இல் எழுதிய கட்டுரை இதை முறையாக விளக்கிய முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று. மின்விசிறி தனித்து நின்று சுழலும். கணினியோ செயலிகள் இல்லாமல் எதற்கும் உதவாது. செயலிகளை எழுதுவோர், வாங்குவோர் மிகுந்த இயங்குதளத்துக்கே எழுதுகிறார்கள். செயலிகள் மிகுந்த இடத்துக்கே மேலும் பலர் வந்து சேர்கிறார்கள். மைக்ரோசாப்ட் மீதான ஏகபோக வழக்கில் 1999ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க நீதிமன்றம் அளித்த உண்மைத் தீர்மானங்களில், புதிய இயங்குதளம் எதுவும் நுழைய முடியாதபடி தடுக்கும் அரணாகச் சுட்டப்பட்டது இந்தச் சுழற்சிதான். இதன் மறுபக்கத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்: பக்கத்து வீட்டார் வேறொரு கணினியை வாங்கும்போது, இவருடைய கணினிக்குச் செயலி எழுதுவதற்கான காரணம் ஒரு துளி குறைகிறது. அவருடைய தேர்வு இவருடைய கருவியின் ஆயுளைத் தொடுகிறது. 1980களில் பிரிட்டனின் பள்ளிப் பிள்ளைகள் ஸ்பெக்ட்ரம் என்றும் கொமடோர் 64 என்றும் பிரிந்து நின்றது விளையாட்டுப் பேச்சு போலத் தோன்றலாம். ஆனால் ஒன்றுக்கான ஒலிநாடாவில் வந்த விளையாட்டு மற்றதில் ஏறாது என்பதால், தோழன் எதை வாங்குகிறான் என்பது யாரோடு நாடாக்களை மாற்றிக்கொள்ள முடியும் என்பதை முடிவு செய்தது.

இந்த அச்சம் வீணானதன்று என்பதை அமிகா பயனர்களின் வரலாறு மெய்ப்பிக்கிறது. கொமடோர் நிறுவனம் 1985 ஜூலையில் நியூயார்க்கில் அறிமுகப்படுத்திய அமிகா, 4096 வண்ணங்களையும் நான்கு தடங்களில் ஒலியையும் ஒரே நேரத்தில் பல செயலிகளை இயக்கும் திறனையும் கொண்டிருந்தது, அக்காலத்து ஐ.பி.எம். வகைக் கணினிகள் சில வண்ணங்களுக்கும் ஒரு சிறு 'பீப்' ஒலிக்கும் மேல் போகாதவை. அதன் நேர்ப் போட்டியாக அதே ஆண்டில் வந்த அட்டாரி எஸ்.டி., இசைக்கருவிகளை நேரே இணைக்கும் மிடி துளைகளைத் தன்னகத்தே கொண்டிருந்ததால் இசைக்கலைஞரைக் கவர்ந்தது. இரண்டு அணிகளும் ஒன்றையொன்று கடுமையாகத் தாக்கின. ஆயினும் இரண்டு கணினிகளின் மூளையாக இருந்தது மோட்டோரோலா 68000 என்ற ஒரே செயலகம். ஏன், மேக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மெக்கின்டோஷின் மூளையும் அதுவே. கொமடோரை நிறுவிய ஜாக் டிராமியல் அங்கிருந்து விலகி அட்டாரியை வாங்கி எஸ்.டி.யைக் கொண்டுவந்தார், அமிகாவின் சில்லுகளை வடிவமைத்த ஜே மைனரோ, அதற்கு முன் அட்டாரியில் பணியாற்றியவர். நெருங்கிய உறவினரிடையே பங்காளிச் சண்டை கடுமையாவது போல, சிறு வேறுபாடுகளே இங்கு பெரும்பகையை வளர்த்தன. 1994 ஏப்ரலில் கொமடோர் திவாலானது. அமிகாவில் படம் வரையவும் அசைவூட்டம் செய்யவும் கற்றவர்களுடைய ஆண்டுக்கணக்கான தேர்ச்சி, அவர்களுக்குச் சற்றும் தொடர்பில்லாத நிதிக் கணக்குகளால் ஒரே நாளில் நாதியற்றுப் போனது. அமிகாவின் தரம் உயர்ந்தது என்று அவர்கள் சொல்லி வந்தது பெரும்பாலும் உண்மை. அந்த உண்மை அதைக் காப்பாற்றவில்லை.

மிகுந்த வேகம் எப்போதும் சிறுபான்மை அணிகளிடமே காணப்படுவதற்கும் காரணம் இதுதான். பெரும்பான்மையினர் பயன்படுத்திய விண்டோஸுக்குப் பாதுகாவலர் தேவைப்படவில்லை. அதன் பயனர்களில் மிகப் பலர் அதைத் தேர்ந்ததாகக்கூட எண்ணவில்லை, அலுவலகத்தில் வைத்திருந்ததைப் பயன்படுத்தினார்கள். அமிகா, 1990களின் மேக், லினக்ஸ் ஆகியவற்றின் பயனர்களோ தம் கருவி பிழைக்க ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. ஆப்பிள் நிறுவனம் இந்தத் தேவையைத் தொடக்கத்திலேயே உணர்ந்து, மெக்கின்டோஷுக்குச் செயலி எழுதும்படி பிற நிறுவனங்களை இணங்கச் செய்வதற்கு கை கவாசாகி போன்றோரை 'நற்செய்தியாளர்' என்று பொருள்படும் கிறித்தவச் சமயப் பெயரால் அழைத்துப் பணியமர்த்தியது.

மேக் அணியின் பகைவர் யார் என்பது காலத்துக்குக் காலம் மாறியது கவனிக்கத்தக்கது. 1984 ஜனவரி 22 அன்று ரிட்லி ஸ்காட் இயக்கத்தில் ஒளிபரப்பான புகழ்பெற்ற விளம்பரத்தில், பெருந்திரையிலிருந்து கூட்டத்தை ஆட்டிப்படைக்கும் முகத்தைச் சம்மட்டி எறிந்து ஒரு பெண் உடைக்கிறாள். அந்த முகத்தில் அன்றைய பார்வையாளர் கண்டது ஐ.பி.எம். நிறுவனத்தை. மைக்ரோசாப்ட் அப்போது நண்பன். அதன் எக்செல் செயலி 1985இல் முதன்முதலாக வெளிவந்தது மெக்கின்டோஷுக்குத்தான். 1991இல் ஆப்பிள் அதே ஐ.பி.எம்.உடன் கூட்டுச் சேர்ந்தது. 1994 முதல் மேக் கணினிகளில் அந்தக் கூட்டின் செயலகம் ஓடியது. 2006இல், விண்டோஸ் கணினிகளின் அடையாளமாக இருந்த இன்டெல் செயலகமும் மேக்கினுள் புகுந்தது. பயனர்கள் பெரும்பாலும் அணி மாறவில்லை. உள்ளே இருக்கும் பொருள் எதுவாயினும், கைக்குப் பழகிய வேலைமுறை தொடர்ந்தவரை அவர்களுக்கு அது தம் கணினியாகவே இருந்தது.

1997 ஆகஸ்ட் 6 அன்று பாஸ்டன் நகரில் நடந்த மேக் மாநாட்டை இப்பின்னணியில் பார்க்க வேண்டும். அந்த நிதியாண்டில் நூறு கோடி டாலருக்கும் மேல் நட்டப்பட்டிருந்த ஆப்பிளுக்கு மைக்ரோசாப்ட் 15 கோடி டாலர் முதலீடு செய்வதை ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் அறிவித்தார். அவருக்குப் பின்னாலிருந்த பெருந்திரையில் மைக்ரோசாப்ட் தலைவர் பில் கேட்ஸின் முகம் தோன்றியபோது, மேடையில் நின்றவர் அதன்முன் மிகச் சிறியவராகத் தெரிய, அரங்கத்திலிருந்து கண்டனக் கூச்சல் எழுந்தது. பழைய விளம்பரத்தின் காட்சி தலைகீழாக நடந்தது போல் இருந்தது என்று பின்னர் பலரும் எழுதினார்கள். ஆனால் அந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடி பணம் அன்று. சொற்செயலி, கணக்கு ஏடு முதலியவை அடங்கிய ஆபீஸ் தொகுப்பை மேக்குக்கு மேலும் ஐந்தாண்டு வெளியிடுவோம் என்று மைக்ரோசாப்ட் கொடுத்த உறுதிமொழியே அது. கூச்சலிட்டவர்களின் கணினி அவர்களுடைய அலுவலகங்களில் தொடர்ந்து இருக்க அந்த உறுதிமொழியே வழி செய்தது. தம் கருவியைக் காப்பதற்காக எழுந்த பற்று, காலப்போக்கில் தனி உருக்கொண்டு, கருவியைக் காக்கும் செயலையே எதிர்க்கும் நிலைக்கு வந்திருந்தது. தாஜ்பெல் கண்ட மாணவர்களின் பங்கீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வரலாற்று எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இப்பற்றைச் சமயத்தோடு ஒப்பிடுவது நெடுநாள் வழக்கம். இத்தாலிய அறிஞர் உம்பர்த்தோ எக்கோ 1994இல் எழுதிய சிறு கட்டுரையில், படங்களைக் காட்டிப் படிப்படியாக வழிநடத்தும் மெக்கின்டோஷைக் கத்தோலிக்கத்துக்கும், பயனரே பொருள்கண்டு முடிவெடுக்கக் கோரும் டாஸ் இயங்குதளத்தைப் புராட்டஸ்டண்டு நெறிக்கும் ஒப்பிட்டார். ஒப்புமை அழகானது, ஆனால் அதோடு நின்றுவிட்டால், பயனர்களின் கவலை வெறும் நம்பிக்கையால் ஆனது என்ற தவறான முடிவுக்கு அது இட்டுச் செல்லும். ஆல்பர்ட் முனீஸ், தாமஸ் ஓக்வின் ஆகியோர் மெக்கின்டோஷ் பயனர்களையும் உட்படுத்தி 2001இல் வெளியிட்ட 'பிராண்டுச் சமூகம்' பற்றிய ஆய்வு இன்னும் நெருங்கிப் பார்த்தது. தாம் ஓரினம் என்ற உணர்வும், பகிர்ந்துகொள்ளும் சடங்குகளும், சக பயனருக்கு உதவும் கடமையுணர்வும் இச்சமூகங்களில் இருப்பதை அவர்கள் காட்டினார்கள். அந்தக் கடமையுணர்வு மதிக்கத்தக்கது; பழுதான கணினியோடு தவிக்கும் முன்பின் அறியாத ஒருவருக்குக் கூலியின்றி மணிக்கணக்கில் வழிகாட்டும் வழக்கம் அதிலிருந்தே பிறந்தது.

லினக்ஸ் அணியின் வேகத்தில் மற்றவற்றில் இல்லாத ஓர் அறக்கூறு உண்டு. மென்பொருளின் மூலநிரலைப் படிக்கவும் மாற்றவும் பிறருக்கு வழங்கவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கருநிரல் அதோடு சேர்ந்து முழு இயங்குதளமாயிற்று. இத்தகையதைத் தமிழில் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். எந்த நிறுவனம் திவாலானாலும் மூலநிரல் பொதுவில் இருக்கும் என்பதால், அமிகா பயனர்களுக்கு நேர்ந்தது இவர்களுக்கு நேராது. அவ்வகையில் இது பற்றுக்கு அடியிலிருந்த அச்சத்துக்கே தேடப்பட்ட மருந்து. 2001இல் மைக்ரோசாப்டின் தலைமைச் செயல் அலுவலர் ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டது இந்த அணியின் உறுதியை வளர்க்கவே செய்தது. 2018இல் அதே மைக்ரோசாப்ட், கட்டற்ற மென்பொருள்கள் பெருமளவில் குவிந்திருக்கும் கிட்ஹப் நிறுவனத்தை 750 கோடி டாலருக்கு வாங்கியது.

இணையத்தின் வழியே கோப்புகளும் செயலிகளும் எல்லாக் கணினியிலும் திறக்கத் தொடங்கியபின், மேசைக் கணினி அணிகளின் வெப்பம் தணிந்திருக்கிறது. பக்கத்து வீட்டாரின் தேர்வு இன்று முன்போல் ஒருவரைப் பாதிப்பதில்லை. சுவர் எழுப்பப்பட்ட இடங்களிலோ வெப்பம் மீண்டும் ஏறுகிறது. ஐபோனில் ஆண்ட்ராய்டு பயனரோடு பரிமாறும் செய்திகள் நீலத்துக்குப் பதில் பச்சைக் கட்டத்தில் தோன்றுவதால் அமெரிக்க இளையோரிடையே ஒதுக்கல் ஏற்படுவதை, 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஆப்பிள் மீது தொடுத்த வழக்கின் மனு குறிப்பிடுகிறது. பற்று பயனரிடமிருந்து மட்டும் வருவதில்லை. வெளியேறும் வழியைக் குறுக்குகிறவர்களுக்கும் அதில் பங்குண்டு.

கைவிடப்பட்ட கருவியோடு பயனர் கொள்ளும் உறவுக்கு நியூட்டன் ஒரு சான்று. 1993இல் ஆப்பிள் வெளியிட்ட இந்தக் கையடக்கக் கணினி 1998 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. 1993ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணிவந்த அதன் நாட்காட்டிக் கணக்கு, எண்ணின் எல்லையைத் தொட்டு 2010 ஜனவரி 5 அன்று பிழையாகிவிடும் நிலையில் இருந்தது. தயாரித்த நிறுவனம் அதைக் கைவிட்டு ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்த அந்த நேரத்தில், பிழையை நீக்கும் திருத்த நிரலை எழுதிப் பிறருக்கு வழங்கியவர்கள் நியூட்டனின் பயனர்களே.